குங்குமம் வைத்த பென் டிரைவ்

வேப்பம்பட்டில் போன வாரம் வீடு மாற்றும்போது, பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு பென் டிரைவ் வந்தது. மூடி இடுக்கில் இன்னும் குங்குமம். உனக்குச் சிரிப்பு வரும்; ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்தவர்கள் நாங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. டைம் ஆபீசில் கம்ப்யூட்டருக்கு நான்தான் ராஜா. ஆட்களின் வருகைப் பதிவு முழுக்க என் பொறுப்பு. தினமும் சாயந்திரம் பேக்கப். திரையில் இருக்கும் 'அட்டெண்டன்ஸ்' என்ற சின்னப் படத்தை இழுத்துப் பென் டிரைவில் போடுவேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். சந்தேகம் வந்து ஒரு தரம் பென் டிரைவிலிருந்தே திறந்தும் பார்த்தேன், அதே கம்ப்யூட்டரில். ஜம்மென்று திறந்தது. பெரிய அறிவாளி இல்லையா நான்!

அந்தத் திமிரில்தான், பழைய வருஷங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சே என்று, ஆயுத பூஜைக்குச் சுத்தம் பண்ணும்போது கையால் வருகை எழுதிவந்த மஸ்டர் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குத் தூக்கிக் கொடுத்தேன். வந்த காசில் பொரி கடலை வாங்கினோம். பேக்கிங்கில் காண்டிராக்டில் இருந்த எலிசா அக்காவும் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"இன்னா தம்பி, பொஸ்தகத்த பூரா போட்டுட்ட. என் நாளெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பொட்டில இருக்குதா?"

"பத்திரமா கீது, போக்கா."

பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். நிரந்தரம் கேட்டுக் கேஸ் போட்டாள். கோர்ட்டில் கம்பெனியிடம் வருகைப் பதிவைக் கொண்டுவா என்றார்கள். அந்த வாரம் பார்த்தா மழையில் கரண்ட் ஏறி இறங்கி ஹார்டு டிஸ்க் கருக வேண்டும்? நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. வேறு கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் சொருகினேன். ஃபைல் இல்லை என்றது. எடுத்து ஊதிவிட்டு மறுபடி சொருகினேன். இல்லை. இத்தனை நாள் நான் எடுத்து வைத்தது வெறும் ஷார்ட்கட். விலாசத்தை எழுதி வைத்துக்கொண்டு வீடே கையில் இருப்பதாக நினைத்திருக்கிறேன், முட்டாள்.

மானேஜரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் டீ வரவழைத்தார்.

"விடுப்பா. ரெக்கார்டே இல்லன்னு எழுதிக் குடுத்துடலாம். நீ வெளில பேசிக்கினு இருக்காத."

அந்த டீயை நான் குடித்தேன்.

ஆதாரம் இல்லை என்று கேஸ் தள்ளுபடியானது. கம்பெனியும் இன்று இல்லை. அந்த ஷெட்டில் யாரோ பழைய டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷம் ஒருத்தி வேலைக்குப் போனதற்கு எங்கேயும் ஒரு வரி கிடையாது.

பென் டிரைவ் கிடைத்த மறுநாள் பொன்னேரி ஸ்டேஷனில் எலிசா அக்காவைப் பார்த்தேன். யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படுபாவிங்க, வேணும்னே அழிச்சிட்டானுங்க தம்பி. நீ மட்டும் இன்னா பண்ணுவ, நீ நல்ல புள்ள."

பென் டிரைவ் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"ஆமாக்கா, அவனுங்கதான்" என்றேன்.