பெயர் சொல்லி எடுத்த வேர்

இந்த ஊரில் திருநீற்றுக்குப் பெயர் பவுடர். சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சீனக்கார சூப்பர்வைசர் என் நெற்றியைக் காட்டி "நோ பவுடர்" என்றார். எனக்குப் பவுடர் போடும் வழக்கமே இல்லை என்று கையை ஆட்டிச் சொன்னேன். அவரும் சரியென்று போய்விட்டார். மறுநாளும் அதே நெற்றியோடு போய் நின்றபோதுதான் காகிதம் நீட்டித் துடைக்கச் சொன்னார். தூசி விழுந்தால் உள்ளே வளர்க்கும் செல்லெல்லாம் கெட்டுவிடுமாம். அன்றிலிருந்து அறையில் பூசி, ஆராய்ச்சிக்கூட வாசலில் துடைக்கிறேன். அந்தக் காகிதத்தை எறிய மனசு வராது. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்வேன்.

அங்கே மூளையின் செல்களைத் தட்டில் வளர்த்து, விஷம் ஊற்றி, எந்த மருந்து அவற்றைச் சாகாமல் காக்கிறது என்று பார்க்கிறார்கள். இதை எனக்கு விளங்கச் சொன்னவர் அங்கிருந்த தமிழ் டாக்டரம்மா. என்னை அண்ணா என்பார். கடல் தாண்டி வந்தவனுக்கு அந்த ஒரு சொல் போதும். என் மனைவியின் அண்ணன் பொன்னுசாமி மச்சானைப் பற்றி அவரிடம் சொன்னேன். மச்சான் எங்கள் மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்து முள்ளுக்குறிச்சிப் பக்கம் பருத்திக்கு வருஷக்கணக்கில் வெறும் உடம்போடு மருந்தடித்தவர். எங்கள் பக்கம் பூச்சிக்கு அடிக்கிற விஷத்துக்கும் மருந்து என்றுதான் பெயர். இப்போது கை நடுங்கி, மிளகுக்கொடிக்கு ஏணி ஏற முடிவதில்லை. மலையில் ஒரு வேர் இருக்கிறது. கஷாயம் வைத்துக் குடித்தால் நடுக்கம் கொஞ்ச நேரம் அடங்கி, மறுபடி வரும். கேட்டதும் டாக்டரம்மா கொண்டு வரச் சொன்னார். சத்தைப் பிரித்தெடுத்தால் உங்கள் மச்சானுக்கே உதவும் என்றார்.

லீவில் போனபோது மச்சானோடு, மலைமேல் எங்கள் பகுதியான எடப்புளி நாட்டுக் காட்டுக்குள் நடந்தேன். யாருக்காக எடுக்கிறோமோ அவர் பெயரை மண்ணைத் தொட்டுச் சொல்லித்தான் எங்கள் ஊரில் வேர் எடுப்பார்கள். அது அவருக்கே சேர வேண்டும். சேராவிட்டால் அதே பெயரைச் சொல்லி மண்ணில் புதைத்துவிட வேண்டும். மண் தோண்டும் கொத்தை அவர் கையிலிருந்து வாங்கப் போனேன், மச்சான் கொடுக்கவில்லை.

"உடுங்க மாப்ள, என் பேரச் சொல்லி நானே எடுக்கறனுங்க. மருந்தால போன கை, மருந்தாலயே வரட்டும்."

நடுங்கும் கைக்கு வேர் வர வெகு நேரம் ஆயிற்று.

இங்கே வந்ததும் அது பொடியாகி, தண்ணீராகி, ஒரு பாட்டிலுக்குள் போனது. பாட்டிலின் மேல் வெறும் நம்பர். சில மாதத்தில் செல்கள் பிழைத்துக்கொண்டன என்று டாக்டரம்மா எல்லோருக்கும் கேக் கொடுத்தார். நான் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு, செம்மேட்டுப் போன் கடைக்கு மச்சானை வரவழைத்துச் சொன்னேன். ஆனால் அடுத்த முறை தட்டு எடுக்கப் போனபோது, டாக்டரம்மா வேர்த்தண்ணீரை முதலில் விட்டதையும், மறுநாள் அதே தட்டில் விஷத்தை ஊற்றியதையும் பார்த்தேன். மருந்து முன்னே, விஷம் பின்னே. தலைகீழாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"அப்படித்தாண்ணா. விஷத்துக்கு முன்னாடி குடுத்தாத்தான் காப்பாத்தும். செத்த செல்லு திரும்ப வராது."

"அப்ப எங்க மச்சானுக்குங்க?"

டாக்டரம்மா தட்டை மூடினார். "அவருக்கு ஆகாதுண்ணா. இனிமே விஷத்துல வேலை பாக்கப் போறவங்களுக்கு ஆகலாம்."

"இது மொதல்லயே தெரியுங்களா?"

"தெரியும். சொல்லியிருந்தா வேர் குடுத்திருக்க மாட்டீங்களே."

கேட்டிருந்தால் மச்சான் ஊருக்கே கொடுத்திருப்பார். நானும் அதன்பின் யோக்கியனாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் மச்சான், "மருந்து ஆச்சுங்களா மாப்ள?" என்றார். "ஆவுதுங்க மச்சான்" என்றேன்.

நேற்று அந்த நம்பர் போட்ட பாட்டில் கழுவ வந்தது. அடியில் கொஞ்சம் வண்டல். கழுவும் தொட்டியில் ஊற்ற மனமில்லாமல், நடைக்கூடத்துப் பூந்தொட்டிக்குக் கொண்டுபோனேன். இங்கே மண்ணும் பிளாஸ்டிக் பையில் கடையிலிருந்துதான் வருகிறது. அதைத் தொட்டு, எடப்புளி நாட்டுப் பொன்னுசாமி என்று சொல்லி வண்டலைப் புதைத்தேன். பிறகு சட்டைப் பையிலிருந்த, காலையில் நெற்றி துடைத்த காகிதத்தைப் பிரித்தேன். ஒரு விரலில் கடை மண், இன்னொரு விரலில் ஊர்த் திருநீறு. நெற்றிவரை கொண்டுபோகக் கை எழவில்லை.