அக்காவுக்குக் கேட்காத டிரம்பெட்

கடைத்தெருவில் அவரை எல்லோரும் ‘சாவி’ என்றுதான் கூப்பிட்டார்கள். பூட்டு ரிப்பேர் கடை. ஒருவர் உள்ளே நுழைந்தால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். அந்த இடுக்கிலும் தன்னைவிட உயரமான டபுள் பேஸ் என்ற தந்தி வாத்தியத்தை, கறுப்பு உறை போட்டு, மூலையில் நிறுத்தி வைத்திருந்தார். புதிதாக வருகிறவர்கள், “அவரு ரொம்ப நேரமா நிக்கிறாரு போல, முதல்ல அவரைக் கவனிங்க” என்பார்கள். சாவி சிரிக்காமல், “அவருக்கு அவசரம் இல்லீங்க” என்பார்.

அவரை இந்த வாத்தியத்தில் மாட்டிவிட்டவர் அக்காவின் கணவர். தபால்காரர். காலையில் தபால், மாலையில் டிரம்பெட். கல்யாணமான புதிதில் மச்சினனின் நீள விரல்களைப் பார்த்து, “இந்தக் கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்கலாமாடா?” என்று தன் ஜாஸ் குழுவுக்குள் இழுத்துப் போட்டார். பழைய பாணி ஜாஸ். முப்பது வருடத்துக்கும் மேலாகக் கோடை விழாவில், பூங்காவின் பலகை மேடையில் வாசித்தார்கள். தபால்காரர் தாளத்துக்கு இம்மி பிந்தித்தான் நுழைவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர்தான் என்று தெரிந்துவிடும்.

ஒரு வருடம், விழா நெருங்கிய சமயத்தில், ஷூ மாட்டக் குனிந்த தபால்காரர் நிமிரவே இல்லை.

இந்த வருடம் வேண்டாம் என்றது குழு. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “நீங்க வாசிங்க. நான் முன்னாடி வரிசையில உக்காந்துக்கறேன். வீட்ல மட்டும் என்ன பண்ணப் போறேன்?”

அவர்களிடம் மெதுவான பாட்டு ஒன்று உண்டு. நடுவில் மற்ற வாத்தியங்கள் ஒதுங்கிக்கொள்ள, பேஸோடு சேர்ந்து டிரம்பெட் மட்டும் போகும். அந்த இடத்தைக் காலியாக விடுவதென்று முடிவு செய்தார்கள். பேஸ் மட்டும் ஒலிக்கும்.

பட்டப்பகல். மேடைப் பலகை கொதித்தது. அந்த இடம் வந்ததும் மற்றவர்கள் நிறுத்தினார்கள். சாவி தனியாக மீட்டினார். அப்போது அவருடைய இடப்பக்கத்திலிருந்து டிரம்பெட் நுழைந்தது. இம்மி பிந்தி.

கை தொடாத தந்தியும் அந்த ஒலிக்கு அதிர்ந்தது. டிரம்ஸ் வாசிக்கும் பேக்கரிக்காரர் குச்சியை மார்போடு அணைத்துக்கொண்டார். கூட்டம் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றது. பாட்டு முடிந்ததும் பேக்கரிக்காரர் கண்ணால் காட்டினார்: ஒலி வந்த இடத்தில், டிரம்பெட்டிலிருந்து உதறிவிட்ட எச்சில் நீர்போலச் சில துளிகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை குடித்துவிட்டது.

வேனில் வீட்டுக்குப் போகும்போது அக்கா கேட்டார்: “எல்லாரும் ஏன்டா எந்திரிச்சாங்க?”

“அத்தானுக்கு மரியாதை அக்கா.”

“பொய் சொல்லாத. பக்கத்துல இருந்த பொம்பள என் கையைப் புடிச்சுக்கிட்டு ‘கேக்குதா, கேக்குதா’ன்னு அழுதா. எனக்கு உன்னோட பேஸ் மட்டும்தான் கேட்டுச்சு. உனக்கு என்னடா கேட்டுச்சு?”

அத்தனை பேருக்கும் கேட்டது, கட்டியவளுக்குக் கேட்கவில்லை. இதை எந்த வாயால் சொல்வது? “எனக்கும் ஒண்ணும் கேக்கல” என்றார். அக்கா அவர் முகத்தையே பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வருடம் டிரம்பெட்டுக்கு ஓர் எலக்ட்ரீஷியன் சேர்ந்தார். விழாவில் எல்லாப் பாட்டையும் நன்றாகவே வாசித்தார். அந்த இடம் வந்ததும் வாய்க்குக் கொண்டுபோனதைக் கீழே இறக்கிவிட்டார். “அண்ணே, அங்க ஏற்கனவே ஆள் இருக்காரு” என்று முணுமுணுத்தார்.

அக்கா அந்த முறை மேடையைப் பார்க்கவே இல்லை. சுற்றி இருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்: “வாசிக்கிறாரா?”

இரண்டாவது முறை பொய் சொல்ல மனம் வரவில்லை. மீட்டிக்கொண்டே தலையசைத்தார். அக்கா தம்பியின் வலப்பக்க மூலையைப் பார்த்துப் புன்னகைத்தார். டிரம்பெட் தம்பியின் இடப்பக்கம் ஒலித்துக்கொண்டிருந்தது. சாவி அதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அதற்கடுத்த கோடையில், விழாவுக்கு முன், ஒரு மதியம் கடைக்கு போன் வந்தது.

“டேய், கேக்குதுடா! சமையல் ரூம்ல.”

அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதை அழுத்திக் கேட்டார். குழாய் சொட்டும் சத்தம். அடுப்பில் ஏதோ மூடி தடதடக்கும் சத்தம்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா.”

“நெசமாவா? இல்ல, அன்னிக்கு மாதிரியா?”

“நெசமா.”

“அப்ப சரி” என்றார் அக்கா. அவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசிக் கேட்டு இரண்டு வருடமாகியிருந்தது.

விழாவுக்கு அக்கா வரவில்லை. அந்த இடம் வந்தது. சாவி மீட்டினார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. எதுவும் நுழையவில்லை. எலக்ட்ரீஷியன் இவரைப் பார்த்தார், இவர் பலகையைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

பேஸைக்கூட உறையில் போடாமல் மேடையிலேயே விட்டுவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அக்கா உதட்டில் விரலை வைத்தார்.

“செருப்பை மெதுவா கழட்டு. புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்காரு. நீங்க யாரும் வாசிக்காத பாட்டு.”

சமையலறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். சாவி உட்கார்ந்து கேட்டார். ஒன்றும் இல்லை. அக்கா கண்ணை மூடி, மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் போனதும் அந்தத் தட்டலுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது புரிந்தது. இங்கே ஏறுகிறது, இங்கே நிற்கிறது, திரும்புகிறது. சாவியின் இடது கை தானாகவே முழங்காலில் தந்தி தேட ஆரம்பித்தது. “ஆமா, அப்படித்தான்” என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

இருட்டுவதற்குள் அந்தப் பாட்டின் பேஸ் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.