கேமராவுக்குப் பின்னால் கேட்ட குரல்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரில் போட அவருடைய படங்களைத் தேடி மிகவும் சிரமப்பட்டோம். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் கேமராவைப் பிடித்தவர் அவர்தான். அதனால் எந்தப் படத்திலும் அவர் இல்லை. வீடியோக்களில் அவருடைய குரல் மட்டும் இருக்கிறது. அந்தக் குரல் எங்களுக்குத் திரும்பக் கிடைத்ததைத்தான் தங்கையாகிய நான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அண்ணன் பேரையூரில் பிறந்தவர். மானாவாரி நிலத்தை நம்பியிருந்த அப்பா இளவயதிலேயே காலமானார். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அண்ணன் கப்பலூரில் பிளாஸ்டிக் பை செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து அந்தப் பக்கமே குடியேறினார்; அம்மா பேரையூரிலேயே இருந்தார். என்னைக் கல்லூரிக்கு அனுப்பியதும் கல்யாணம் செய்து கொடுத்ததும் அவரே. இயந்திர இரைச்சலை மீறிப் பேசிப் பழகியதால் வெண்கலத் தொண்டை. தெருமுனையில் அவர் யாரையாவது நலம் விசாரிப்பது கேட்டால், அண்ணி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றிவிடுவார். தனக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு வீடியோ கேமரா மட்டுமே.

பிறகு குரல்வளையில் புற்று என்றார்கள். அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தது; குரல் போய்விட்டது. கழுத்தில் மூச்சுவிட ஒரு துளை, அதை மறைக்க ஒரு கைக்குட்டை. எங்களிடம் செல்போனில் எழுதிக் காட்டிப் பேசினார். எங்கள் அம்மாவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்ததும் தினமும் பேரையூருக்குப் போன் போட்டுப் பேசிய மகனுக்கு அந்த வழி அடைபட்டுப்போனது. நேரில் போனால் அம்மா அழுவார் என்று பயந்து ஊருக்குப் போவதையே நிறுத்தினார். உறவினர் விசேஷங்களுக்கும் வரவில்லை.

ஒருநாள் அம்மா என்னிடம் போனில் சொன்னார்: “அவன் கொரலு எப்படி இருக்கும்னே மறந்து போயிருமோன்னு பயமா இருக்கு தாயி. ஒருக்கா கேட்டாப் போதும்.”

அதை அண்ணனிடம் சொன்னேன். எழுந்து போய், பீரோ மேலிருந்த பழைய டேப்புகளை இறக்கினார். கேமரா எப்போதோ பழுதாகியிருந்தது. ஆரப்பாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் கடைக்காரர் டேப்புகளைத் துடைத்து ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். சில டேப்புகள் பூஞ்சை பிடித்து வீணாகியிருந்தன. அண்ணன் மகளின் காதுகுத்து தப்பியிருந்தது.

அம்மாவிடம் இருப்பது பழைய டிவியும் டிவிடி பிளேயரும். “அண்ணே, ஃபைலை அப்படியே போட்டா பழைய பிளேயர் எடுக்காதுண்ணே. டிவிடிக்குன்னு மாத்தித்தான் எழுதணும்” என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அண்ணன் அதை மகளின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஒரு டிவிடி தயாராக மதியம் முழுவதும் பிடிக்கும். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல், சத்தத்தை முதலில் அம்மாதான் கேட்க வேண்டும் என்று உறையில் போட்டு வைத்தார். நெடுநாளைக்குப் பிறகு பேரையூருக்குக் கிளம்பினார். நானும் போனேன்.

டிவிடியைப் போட்டதும் படம் தெளிவாக வந்தது. சத்தம் வரவில்லை. ரிமோட்டை அமுக்கினார், வயரைப் பிடுங்கிச் சொருகினார். டிவியில் எல்லாரும் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முகம் வெளிறிவிட்டது.

அம்மா அவரையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒனக்குத்தான் பேச்சு போச்சு. இந்தப் பொட்டிக்குமாய்யா போச்சு?” என்றார்.

அண்ணன் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பதறினேன். சிரிக்கிறார்! அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எந்தச் சந்திப்புக்கு அவர் அவ்வளவு பயந்தாரோ, அது சிரிப்போடு முடிந்தது.

திரும்பும்போது அந்த பிளேயரையே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சத்தம், அந்த பிளேயருக்குப் புரியாத வகையில் பதிவாகியிருக்கிறது என்று மகளும் அவருமாகக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வகையாக மாற்றி எழுதி, பிளேயரில் போட்டுப் பார்த்தார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். ஒரு டிவிடியில் கரகரவென்று மேளச் சத்தம் கேட்டது. அதை மீறி, “மாப்ள, தள்ளி நில்லுங்க, அம்மாவ மறைக்குது! ஏய், அடுப்படியில என்ன பண்ற, இங்கிட்டு வா!” என்று அண்ணன் குரல் கூடத்தையே நிறைத்தது.

“இந்தா வாரேங்க!” என்று அடுப்படியிலிருந்து அண்ணி பதில் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கையில் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முழுப் படமும் ஓடி முடியும்வரை இருவரும் அங்கிருந்து எழவில்லை.

மறுநாளே டிவிடியும் பிளேயருமாக அண்ணன் பேரையூருக்குப் போனார். அம்மா மகனின் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அழுகிறாயா என்று அண்ணன் சைகையில் விசாரித்தார். “அழுகலைய்யா. இம்புட்டு நாளா நெஞ்சுல அடச்சுக் கெடந்தது இப்பத்தான் எறங்குச்சு” என்றார் அம்மா.

அதன்பின் அண்ணன் வாரந்தவறாமல் ஊருக்குப் போனார். எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் வந்தார். புற்று திரும்பவே இல்லை. சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், தூக்கத்திலேயே இதயம் நின்று அமைதியாகப் போனார். வலியில்லாமல் போனாரே என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அவர் உயிரைக் காத்துத் தந்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், குரலை மீட்க வழி சொன்ன கடைக்காரருக்கும், கடைசிவரை தோள் கொடுத்த ஆலை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பேரையூரில் அம்மாவுக்கு டிவிடி போட்டுக் கொடுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. போன வாரம் நான் போயிருந்தபோதும் அவர்தான் போட்டுவிட்டார்.

“எம்மா, இங்க பாரு, இங்க பாரு!” என்றார் அண்ணன்.

“பாத்துக்கிட்டுத்தாய்யா இருக்கேன்” என்றார் அம்மா.