நித்திரைச் சோதனைக்கு வந்த விருந்தாளிகள்

நோர்வேயில் ஸ்கானுக்கு நெஞ்சில் பூசும் பசையைக்கூடச் சூடாக்கித்தான் பூசுகிறார்கள். ஆனால் நெஞ்சுக்கு என்ன என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இதய ஸ்கானுக்குப் புறப்பட்ட காலையில் எதிர்வீட்டு இங்ரிட் படியில் நின்றாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "சீக்கெஹூஸ்" என்றேன், ஆஸ்பத்திரிக்கு என்று. "லிக்கெ தில்" என்றாள். நல்லபடி நடக்கட்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு மனம் ஆறவில்லை. என்ன வருத்தம், எப்ப தொடங்கினது, எந்த டொக்டர், ஒரு கேள்வி கிடையாது. கேளாமல் விடுவதுதான் அங்கே மரியாதை என்று, என்னை அங்கே வைத்துப் பார்க்கும் மகள் சுமதி பிறகு விளங்கப்படுத்தினாள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழையிருந்தால் திருத்திப் படியுங்கள். விஷயத்தில் பிழை இராது, இரண்டு சோதனையும் என் உடம்பில் நடந்தவை. ஸ்கானுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நான் கோயிலுக்குப் போவதுபோலத் தலை தோய்ந்து, பச்சைத்தண்ணீரும் குடியாமல் போனேன். அது வீண், சாப்பிட்டுவிட்டே போகலாமாம். இடப்பக்கம் சரிந்து படுக்க விட்டு, ஒரு பிள்ளை சின்னக் கைப்பிடி ஒன்றை விலா எலும்புகளுக்கு நடுவே அமத்தி அமத்தி உருட்டினாள். அமத்தும், ஆனால் நோகாது. திரையில் என் நெஞ்சுக்குள் கதவுகள் திறந்து மூடின. ஈரத்துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரு சத்தமும் கேட்டது. நான் கட்டைவிரலை நிமிர்த்தி, எப்படி என்று தலையை ஆட்டினேன். அவளும் கட்டைவிரலை நிமிர்த்திச் சிரித்தாள். நெஞ்சு திறமாம் என்று சுமதிக்குச் சொல்லிக்கொண்டு வீடு வந்தேன். படம் தெளிவாய் விழுந்திருக்கிறது என்பதைத்தான் அவள் காட்டியிருக்கிறாள். நெஞ்சைப் பற்றிச் சொல்வது டொக்டரின் வேலை. படம் எடுக்கிறவர்கள் வாய் திறக்கமாட்டார்கள்.

டொக்டர் சொன்னார், இதயம் நன்றாக அடிக்கிறது, ஆனால் வலப்பக்கத்தில் அழுத்தம் கொஞ்சம் கூட, நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிறதோ தெரியாது, வீட்டில் வைத்தே ஒரு சோதனை செய்யவேண்டும் என்று. யாழ்ப்பாணத்தில் என் ஊர் அரியாலைக்கு ரிக்கற் போட்டாயிற்று, அங்கே செய்கிறேன் என்றேன். சித்திரை வருஷப்பிறப்பு வரை என் சொந்த வீட்டில், என் சாவி என் இடுப்பில் இருக்க இருந்துவிட்டு வரவேண்டும் என்பது என் எண்ணம். சுமதி கறாராய்ச் சொல்லிவிட்டாள்.

"மூச்சு நிக்குதெண்டு வந்தால் அங்கை தனியப் படுக்க விடமாட்டன் அம்மா. அடுத்த பிளேனிலை ஏத்திப்போடுவன்."

"நான் குறட்டையே விடுறேல்லை. எனக்கென்ன மூச்சு நிக்கப்போகுது?"

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலும் நோர்வே டொக்டர் சொன்ன அதே மெஷின்தான் என்பது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நெஞ்சுக்கு ஒரு பட்டி, மூக்குக்கு ஒரு மெல்லிய குழாய், விரலுக்கு ஒரு கவ்வி, குறட்டை பிடிக்க ஒரு சின்ன மைக். தாதிப் பிள்ளை பூட்டிக் காட்டி, வழமைபோலப் படுங்கோ அம்மா, விடிய வயரைக் கழற்றிக் கொண்டுவந்து தாங்கோ, அவ்வளவுதான் என்றாள். ஆஸ்பத்திரிப் பெட்டியோடு ஓட்டோவால் இறங்கியதைப் பக்கத்து வளவிலிருந்து பவளம் மச்சாள் பார்த்துவிட்டாள். என் கணவரின் தங்கை. ஊரில் வருத்தக்காரரைப் பார்க்கப் போகாவிட்டால் அது காலத்துக்கும் குறை. பொழுதுபட முன்னமே ஊர்ச்சனம் வரத்தொடங்க, படலை திறந்தபடி கிடந்தது. அவர்கள் கொண்டுவந்த பால்மா ரின்னும் பிஸ்கற் பெட்டியும் மேசையில் ஏறின. நான் பட்டியும் குழாயுமாய் நின்று தேத்தண்ணி ஊற்றினேன்.

"மெஷினிலையோ உயிர் ஓடுது, மச்சாள்?" என்று பவளம் கேட்டாள்.

"உயிர் என்னிலைதான் ஓடுது. உது சும்மா பாத்துக்கொண்டிருக்குது."

"பாத்துக்கொண்டிருந்தால் காணுமோ? நிண்டால் ஆர் பிடிக்கிறது?" என்றாள் கடற்கரைப் பக்கத்துத் தவமணி அக்கா.

யோசித்துப் பார்த்து, இரண்டு பேரும் என் அறை வாசலிலேயே பாயை விரித்தார்கள். காவலாம். மற்றவர்கள் போனபிறகு காவல்காரர் இரண்டு பேரும் நல்லாய் நித்திரை கொண்டார்கள். நான் விடியும்வரை கட்டிலில் குந்தியிருந்தேன்.

யாழ்ப்பாண டொக்டர் அறிக்கையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்கள் நிமிந்து இருந்த நேரம் முழுக்கக் குறட்டை கேக்குது. அதுவும் ரெண்டு விதமாய்."

"அது என்ரை இல்லை ஐயா. அது காவல்."

திரும்பச் செய்யச் சொன்னார். இந்தமுறை, கீரிமலைக்குப் போய்த் தங்கப்போகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லி, படலையைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தால் வந்து, விளக்கும் போடாமல் படுத்தேன். நல்ல நித்திரை. அதுதான் வினையாய்ப்போனது. மூச்சு நிற்கிறதாம், நடுத்தரமாய். முகத்தில் மாஸ்க் மாட்டிக் காற்றுத் தள்ளும் மெஷின் போட்டுத்தான் இனிப் படுக்கவேண்டுமாம். குறட்டையும் இருக்கிறதாம், அதை நான் நம்பவில்லை.

சுமதி வீடியோவில் அழத்தொடங்கினாள். "தனிய விடமாட்டனெண்டு சொன்னனானல்லோ." பவளம் மச்சாள் போனைப் பறித்தாள்.

"பிள்ளை, உன்ரை கொம்மா தனியப் படுக்கிறா எண்டு ஆர் சொன்னது? முதல் சோதனையை டொக்டரிட்டைக் கேட்டுப் பார். நானும் தவமணியக்காவும் வாசலிலை கிடந்தது மெஷினிலையே பதிஞ்சு கிடக்கு."

உண்மைதான். பிழையாய்ப்போன அந்தச் சோதனையைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடையாது. சுமதி மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். சித்திரை வரை இருக்கலாம் என்றாள். காற்று மெஷினை நோர்வேயிலேயே வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தும் விட்டாள்.

மெஷினின் வயருக்கு நோர்வேச் சுவருக்கென்று செய்த இரண்டு உருண்டைக் கால். அரியாலைச் சுவரில் மூன்று ஓட்டை. இடையில் பட்டணத்தில் வாங்கிய அடப்டர் ஒன்று, எப்போதும் லொட லொட என்று ஆடிக்கொண்டிருக்கும். சில நாட்களில் அது தானாய்க் கழன்றுவிடும். காற்று நிற்க, என் குறட்டை திரும்பத் தொடங்கிவிடுமாம். மச்சாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் என் அறை வாசல் பாயிலிருந்து முனகிக்கொண்டு எழும்பி வந்து, "மச்சாள், உங்கடை நோர்வே கழண்டு போச்சு" என்று அதைச் சுவரோடு அமத்திவிட்டுப் போய்ப் படுப்பாள்.