வழவழவென்று இருந்த நாற்காலி

அவரைத் தெருவில் எல்லோரும் ஈரத்துணி என்றுதான் கூப்பிடுவார்கள். பிரம்பு நாற்காலி தொய்ந்துபோச்சு என்று யார் வந்து நின்றாலும், "ஈரத்துணி போட்டுப் பாத்தீங்களா?" என்பதுதான் அவர் வாயிலிருந்து வருகிற முதல் பேச்சு. அதில் தப்பும் இல்லை. தொய்ந்த இருக்கையைக் கவிழ்த்துப்போட்டு, அடிப்பக்கம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை விரித்து ஊறவிட்டு, நிழலில் காயவைத்தால் பிரம்பு தானாக இறுகிக்கொள்ளும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துத் தொலையும்.

பட்டறை அவருடைய மச்சினனுடையது. மனைவியின் தம்பி. கை வேகம், வாய் அதைவிட வேகம்.

"மாமா, அக்கா கோவிச்சுக்கிட்டா அவ மேலயும் ஈரத்துணிதானா?"

"போட்டுப் பாத்துட்டேன் மாப்ளே. இன்னும் முறுக்கிக்கிட்டா."

மூலையில் உட்கார்ந்து நாற்காலிக் கால்களுக்குப் பிரம்புப் பட்டை சுற்றிக்கொண்டிருக்கும் அக்காக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "ரெண்டு பேரும் வேலையப் பாருங்க" என்பாள், அவ்வளவுதான்.

பின்னுவதில் மச்சினனை அவரால் முந்த முடியாது. பட்டறையில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் வலது கட்டைவிரலில் இருந்தது. பெயின்ட் அடித்த பழைய நாற்காலிகளில் ஒரு தொல்லை உண்டு. சிலது பிரம்பின் உள்நாரில் பின்னியது. சிலது காகிதத்தை முறுக்கிச் சரடாக்கிப் பின்னியது. மேலே பெயின்ட் ஏறிவிட்டால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் பிரம்புக்குத் தண்ணீர் மருந்து, காகிதத்துக்கு எமன். மச்சினனாக இருந்தால் அடியில் பெயின்டைச் சுரண்டிப் பார்த்துத்தான் சொல்வான். அவருக்கு அது கேவலம். கட்டைவிரலை ஒரு இழை மேல் ஓடவிடுவார். முறுக்கு நெருடினால் காகிதம். நெருடாமல் வழவழவென்று ஓடினால் பிரம்பு. ஒருநாளும் தப்பியதில்லை.

அந்த விரலில்தான் கொஞ்ச நாளாக ஏதோ சரியில்லை. முதலில் காலில் ஆரம்பித்தது. செருப்பு எங்கேயோ கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். மனைவி சிரித்தாள். பிறகு ஒருநாள் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் சிரிக்கவில்லை. டாக்டர் சர்க்கரை என்றார், நரம்பு என்றார், இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்றார். வெளியே வந்ததும் அவர் மனைவியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்.

"உன் தம்பிகிட்ட சொல்லாத."

"வேலைல எதாச்சும் ஏடாகூடமாச்சுன்னா?"

"விரல் நல்லாத்தான் இருக்கு. நுனி மட்டும் கொஞ்சம் மதமதன்னு இருக்கு. ஊசி போட்டா சரியாயிடும்."

அவள் சொல்லவில்லை. அதற்காகப் பின்னால் அவள் எத்தனை அழுதாளோ, அது அவள் கணக்கு.

தபால்காரர் தன் நாற்காலியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது அதற்கப்புறம்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சில் சளி கட்டி, படுத்தால் மூச்சு முட்டுகிற ஆள். இரவெல்லாம் அந்த நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூக்கம். கைப்பிடி அகலம், முதுகு உயரம், பச்சைப் பெயின்ட். இருக்கை மட்டும் பள்ளமாகிவிட்டது.

"உக்காந்தா பள்ளத்துல சொருகிக்கிது தம்பி. இடுப்பு விட்டுப்போவுது. சாயங்காலத்துக்குள்ள குடுத்துருவியா? இது இல்லாம எனக்குத் தூக்கம் கிடையாது."

"சும்மா இறுக்கறதுதானே, குடுத்துடலாம் பெரியவரே. போயிட்டு வாங்க."

தபால்காரரை அனுப்பிவிட்டு மச்சினன் வழக்கம்போல நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். "தொட்டுச் சொல்லுங்க மாமா."

அவர் கட்டைவிரலை வைத்து ஓட்டினார். நெருடல் இல்லை. இன்னொரு இழையில் ஓட்டினார். அதிலும் இல்லை. மூலையிலிருந்து மனைவி தன்னையே பார்ப்பது தெரிந்தது. அதனால்தானோ என்னவோ, குரல் வேண்டியதைவிடச் சத்தமாக வந்தது.

"வழவழன்னு இருக்கு. பிரம்புதான். வெந்நி கொண்டா."

விரல் மரத்துப்போனவனுக்கு உலகத்தில் எல்லாமே வழவழப்புத்தான் என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை. கவிழ்த்துப்போட்டார், துணியைப் பிழிந்து விரித்தார், மேலே இன்னொரு துணியும் போட்டார். சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து மச்சினன் துணியை எடுத்தபோது பச்சைப் பெயின்ட் தோல் உரிவது போல அதோடு வந்தது. உள்ளே சரடுகள் முறுக்கவிழ்ந்து, நனைந்த பொட்டலம் மாதிரி பொதபொதவென்று தொங்கின.

மச்சினன் அவரைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தன நாளா மாமா?"

அவர் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். திட்டுவான் என்று காத்திருந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவன் துணியை வாளியில் போட்டுவிட்டு, "விடுங்க மாமா" என்றான். அத்தனை காலத்தில் அவன் அவரிடம் அவ்வளவு மெதுவாகப் பேசியதே இல்லை.

சாயங்காலம் தபால்காரர் வந்தார். பட்டறையிலிருந்த வேறு நாற்காலிகளில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் முதுகு எட்டவில்லை, ஒன்றில் கால் தரையில் படவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"புதுசாப் பின்னித் தர்றேன் பெரியவரே, ஒரு வாரம் பொறுத்துக்குங்க" என்றான் மச்சினன்.

"சரி. அதுவரைக்கும் சுவத்துல சாஞ்சுக்கறேன்" என்றார் தபால்காரர், யாரையும் குறை சொல்லாமல். காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் தெருமுனை திரும்பும்வரை இவர் வாசலில் நின்று பார்த்தார்.

அதற்கப்புறம் அவர் பக்கம் எந்த நாற்காலியும் தள்ளப்படவில்லை. "தொட்டுச் சொல்லுங்க" என்பதும் நின்றுபோயிற்று. தூசி தட்டவும் வாடிக்கையாளரிடம் பேசவும் வாசலில் உட்கார வைத்தார்கள். மெத்துன்னு இருக்கற பிரஷ்ஷால தட்டுங்க, காகிதப் பின்னல்னா தண்ணி காட்டாதீங்க, சுவரோரம் ஈரத்துல வெச்சா பூஞ்சை பிடிக்கும் என்று நாளெல்லாம் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் சொன்னார். யாரும் அவரை ஈரத்துணி என்று கூப்பிடுவதில்லை. அப்படிக் கூப்பிடக் கூடாதென்று மச்சினன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அதுதான் அவருக்குச் செத்த மாதிரி இருந்தது.

ஒருநாள் மச்சினன் வெளியே போயிருந்த நேரம் ஒரு அம்மா வெள்ளைப் பெயின்ட் அடித்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினாள்.

"இது பிரம்பாங்க, காகிதமாங்க?"

அவர் கட்டைவிரலை நீட்டினார், பாதியில் மடக்கிக்கொண்டார். மச்சினனின் கத்தியை எடுத்து நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் ஒரு இழையில் பெயின்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"அய்யோ, ரத்தங்க" என்றாள் அந்த அம்மா.

வெள்ளைப் பெயின்டில் சிவப்பாக இழுத்திருந்தது. மூலையிலிருந்து மனைவி எழுந்து ஓடிவந்தாள். அவர் கத்தியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, எந்த விரல் என்று தேடிக்கொண்டிருந்தார்.