ஒயின் பரணியில் ஊறியது

துபாயிலிருந்து வந்த நண்பன் ஊற்றித் தந்த விஸ்கியில் முதலில் புகை ஏறியது, பிறகு திராட்சை. "பார்லியப் புகையில உணத்தி, ஒயின் பீப்பாயில ஊறவச்சதாக்கும் மக்கா" என்றான்.

எங்கள் கருங்கல் வீட்டில் அப்பா இதை எந்தப் பயிற்சியும் இல்லாமல் செய்தவர். தேங்காய்த் தொண்டும் நாரும் புகையும் அடுக்களையில், அம்மாவின் கிறிஸ்துமஸ் ஒயின் ஊறும் பீங்கான் பரணிக்குள் கள்ளச்சாராயத்தை ஊற்றி ஒளித்தார். நான் பார்த்தேன். அக்காவைப் பெண்பார்க்க வந்தவர்களுக்காக அம்மா பரணியைத் திறந்தபோது, அப்பாவின் அடிக்குப் பயந்து நான் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு மிடறு குடித்தாள். "கொள்ளாம். சாராயம் வீட்டுலயே வாற்றுவியளோ?" என்று எழுந்துவிட்டாள். பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை.

"பன்னெண்டு வருசம் அடைச்சு வச்சதுலே. ருசி எப்பிடி?" என்றான் நண்பன்.

அக்கா முப்பது வருஷமாக அதே வீட்டில் இருக்கிறாள். இன்னொரு பெக் ஊற்றச் சொன்னேன்.