எர்மெலிண்டா அணைத்த அடுப்பு

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சிப்பா சுடுவோம். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து சுடுகிற ரொட்டி. கூடையில் அடுக்கி, தலைநகர் அசுன்சியோனுக்குப் போகிற பஸ்களில் ஏறி விற்போம். பக்கத்து வீட்டு எர்மெலிண்டாவின் கூடைதான் எப்போதும் முதலில் காலியாகும்.

அவள் மகள் நிமியாவுக்குப் பன்னிரண்டு வயதில் வயிற்றுவலி வந்தது. ஓயாத பேதி, பிறகு ரத்தம். பூச்சி மருந்தும் பச்சிலைச் சாறும் கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை வளரவே இல்லை. பழைய பாவாடைகூட இடுப்பில் நிற்கவில்லை.

நாத்தனார் தெயோதோரா சும்மா இருக்கவில்லை. "பள்ளிக்கூடம்னாதான் அவளுக்கு வலிக்குது. ரெண்டு அறை விட்டா சரியாயிடும் அண்ணி."

"கக்கூஸ்ல வந்து பாரு. அப்புறம் பேசு."

தலைநகரத்து ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, க்ரோன் நோய் என்றார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "உடம்பே தன்னோட குடலைப் புண்ணாக்குது. முழுசாப் போகாது, அடக்கி வைக்கலாம். ரெண்டு மாசத்துக்கு இந்தச் சத்துப்பால் மட்டும்தான். வேற ஒரு வாய்கூடக் கூடாது."

"எங்க வீட்டுத் தொழிலே சிப்பா, டாக்டர். வாசனையை எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

டாக்டரம்மா சத்துப்பாலுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

எர்மெலிண்டா வீட்டு அடுப்பை அணைத்தாள். தெயோதோராவின் கொல்லையில் போய்ச் சுட்டாள். வீட்டார் எல்லோரும் அங்கேயே நின்றபடி சாப்பிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்கள். நிமியாவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒருநாள் தாயின் கையை முகர்ந்துவிட்டு, "இன்னைக்குச் சோம்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டே," என்றாள்.

ரத்தம் நின்றது. கன்னத்தில் சதை வந்தது. அதன்பின் நரம்பில் ஏற்றுகிற மருந்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். ஒரு வருஷம் நன்றாகவே இருந்தாள்.

பிறகு ஆஸ்பத்திரியில் அந்த மருந்து தீர்ந்துபோனது. "அடுத்த வாரம் வாங்க" என்றே குளிர்காலம் முழுக்கச் சொன்னார்கள். மருந்து மறுபடி வந்து ஏற்றியபோது, பிள்ளைக்கு மூச்சுத் திணறி உடம்பெல்லாம் தடித்தது. பாதியில் நிறுத்தினார்கள். இடையில் விட்டுப்போனதால் இனி அந்த மருந்தை அவள் உடம்பு ஏற்காது என்றார்கள். வேறு மருந்துக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கையிலேயே குடல் ஓட்டையாகிவிட்டது. அந்தப் பகுதியை அறுத்து எடுத்து, மலம் வெளியேற வயிற்றில் துளை வைத்துப் பையை ஒட்டினார்கள்.

"இதை எப்பம்மா எடுப்பாங்க?"

"புண்ணு ஆறட்டும்னு சொல்லியிருக்காங்க."

ஆறவில்லை. மிச்சக் குடலிலும் புண் வந்தது. புது மருந்து ஓரளவு தாங்குகிறது, அவ்வளவுதான். பதினைந்து வயதாகியும் பத்து வயதுப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பை கசிந்தது. அதோடு அங்கே போவதில்லை.

பையை மாற்ற எர்மெலிண்டா ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொண்டாள். இப்போது நிமியா அவளைத் தொட விடுவதில்லை.

"நானே பாத்துக்கறேன். நீ வெளிய போ."

தாய் வெளியே வந்து கதவருகில் நிற்பாள். நான் எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸுக்குக் கூப்பிட்டால், இரு என்று கையைக் காட்டுவாள்.